பெனால்டியைக் கழித்துவிட்டுப் பாருங்கள்
பிரீமியர் லீக் ஃபேன்டஸியில் (நிஜக் கால்பந்து வீரர்களை வைத்து நாமே அணி அமைத்து, அவர்கள் ஆடுவதற்கேற்பப் புள்ளி வாங்கும் ஆட்டம்), கடைசி நான்கு ஆட்டங்களில் எக்ஸ்ஜி (அடித்த ஷாட்களின் தரத்தை வைத்து எத்தனை கோல் வந்திருக்கலாம் என்ற கணக்கு) அதிகம் உள்ள வீரரை வாங்கினால் போதும் என்று இந்தக் கட்டுரை சொல்வதை அப்படியே ஏற்க முடியவில்லை. ஒரு பெனால்டிக்கே முக்கால் கோலுக்கு மேல் எக்ஸ்ஜி கணக்காகிவிடும். இரண்டு பெனால்டி அடித்தவர் பட்டியலில் மேலே தெரிவார், அதைக் கழித்துப் பார்த்தால் பாக்ஸுக்குள் உருப்படியான ஷாட் ஒன்றிரண்டுதான் இருக்கும். அப்படி ஒரு ஃபார்வர்டுக்காக 4 புள்ளி இழந்து டிரான்ஸ்ஃபர் (அணியில் ஆள் மாற்றம்) செய்தேன், அடுத்த மூன்று வாரமும் ஆடியதற்கான 2 புள்ளி மட்டும்தான் வந்தது. அப்புறம், வீரர் எத்தனை நிமிடம் ஆடுகிறார் என்பதையும் பார்க்க வேண்டும் என்று மேலே கருத்தில் ஒருவர் சொன்னது ரொம்ப சரி, 60 நிமிடத்துக்குள் மாற்றப்படுபவருக்கு 1 புள்ளிதானே. பெனால்டி இல்லாத எக்ஸ்ஜி சமமாக இருந்தால் நான் மிட்ஃபீல்டரைத்தான் எடுப்பேன், அவர் கோலுக்கு 5 புள்ளி, ஃபார்வர்டு கோலுக்கு 4.