ஏன்னு சொல்லிட்டுச் சுத்தித் தொலைய வேண்டியதுதானே!

மூணு நாளா வீட்டுக் கம்ப்யூட்டர் என் உயிரை வாங்கிடுச்சு. பட்டனைத் தட்டுனா லோகோ வரும், அதுக்குக் கீழ ஒரு வட்டம் சுத்தும். சுத்தும். அப்புறமும் சுத்தும். பத்துமலைப் படி 272-ஐயும் ஏறி இறங்கி வந்து பார்த்தாலும் சுத்திக்கிட்டேதான் இருக்கும்போல.

ஞாயித்துக்கிழமை தமிழ்ப்பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக்கூட்டம். நான்தான் பொருளாளர். கணக்கு அத்தனையும் அந்தப் பெட்டிக்குள்ள. (வேற எங்கயும் எடுத்து வைக்கலையான்னு கேக்காதீங்க. வீட்டுல கேட்டாச்சு.)

வாட்ஸ்அப்ல ஊருக்கே ஒரே மருந்துதான்: "ஆஃப் பண்ணி ஆன் பண்ணு லா." பண்ணேன். பவர் பட்டனை அமுக்கி அமுக்கி விரல்தான் தேஞ்சுச்சு. அப்புறம் பெட்டியைத் தூக்கிக்கிட்டு செந்தூல்ல எல்ஆர்டி ஏறி, ஹங் துவாவுல மோனோரயில் மாறி, இம்பியில இறங்கி ஒரு கடைக்குப் போனா, கடைக்காரத் தவுக்கே திறந்துகூடப் பாக்கலை. புது டிஸ்க் (எஸ்எஸ்டியாம்), எல்லாத்தையும் அழிச்சு ஃபார்மெட், 350 வெள்ளியாம். ஃபார்மெட்டா? அப்ப என் கணக்கு? உதட்டைப் பிதுக்குனான். பெட்டியைக் கட்டிக்கிட்டு வந்த வழியே திரும்புனேன்.

கடைசியில பினாங்குல படிக்கிற அக்கா மகன் போன்ல வந்தான். இந்தப் பெட்டியில விண்டோஸுக்குப் பதிலா லினக்ஸ் போட்டுக் குடுத்த புண்ணியவான். "மாமா, வட்டம் சுத்துறப்ப எஸ்கேப் கீயைத் தட்டுங்க. ஆஃப் மட்டும் பண்ணிடாதீங்க."

தட்டுனேன். வட்டம் போய் வரிவரியா எழுத்து. கடைசி வரியில சிவப்பு நட்சத்திரம் அங்கயும் இங்கயும் ஓடுது. பக்கத்துல 43 செகண்ட் ஆச்சு, கெடு 1 நிமிஷம் 30 செகண்ட்னு எண்ணுது. எதுக்கு? ஒரு டிஸ்க்குக்கு! படம் சேத்து வைக்க இவன் மாட்டிக் குடுத்த வெளி டிஸ்க். அதைப் புதன்கிழமைதான் கழட்டித் தம்பிகிட்ட குடுத்தேன். கிளம்புறப்ப எந்தெந்த டிஸ்க்கைச் சேக்கணும்னு பட்டியல் போட்ட எஃப்எஸ்டேப்ங்கிற ஃபைல்ல அது பேர் அப்படியே இருக்கு. பந்தியில வராத மாமனுக்கு இலை போட்டுட்டு, அவர் வந்தாத்தான் சோறுன்னு வாசலைப் பாத்துக்கிட்டு நிக்குது மிஷின். நான் ஒவ்வொரு தடவையும் ஒரு நிமிஷத்துலயே அதோட கழுத்தைத் திருகியிருக்கேன். இன்னும் அரை நிமிஷம் விட்டிருந்தா எமர்ஜென்சி மோட்னாவது வாயைத் திறந்திருக்கும்.

இந்தத் தடவை ஆஃப் பண்ணாம விட்டேன்; பழுது பாக்குறதுக்குன்னே இருக்கிற அந்த மோட் வந்துச்சு. அதுலயே அவன் சொல்லச் சொல்ல, அந்த வரியில 'நோஃபெயில்'னு சேத்தேன். இங்கிலீஷ்ல ஆறே எழுத்து. டிஸ்க் இல்லாட்டி விட்டுட்டுப் போன்னு அர்த்தம். தே தாரேக் டீ ஒரு வாய் குடிக்கிறதுக்குள்ள எந்திரிச்சிருச்சு.

டிஸ்க்கு மேல எனக்குக் கோபமே இல்ல. காரணம் மிஷினுக்குத் தெரியுது, செகண்ட் கணக்கா எண்ணுது, எனக்கு மட்டும் ஒரு வட்டத்தைக் காட்டி ஏமாத்துதே, அதான் வயிறு எரியுது! யார் கேட்டா இந்த அழகை? கிளினிக்ல உக்காந்தாக்கூட எத்தனாவது நம்பர்னு போர்டுல ஓடுது. மூணு நாள்! 350 வெள்ளியை எண்ணி வச்சிட்டு வந்திருப்பேன், கணக்கும் போயிருக்கும்.

மிஷினைக் கிளப்பி விடுற கிரப்போட ஃபைல்ல 'கொயட் ஸ்பிளாஷ்'னு ரெண்டு வார்த்தை இருக்காம். கொயட்! வாயை மூடிக்கிட்டு இருன்னு எழுதியே வச்சிருக்கானுங்க. அதைத் தூக்கிட்டா வட்டமே வராதாம்.

"எடுத்துடவா மாமா? அசிங்கமா எழுத்தா ஓடுமே?"

"ஓடட்டும்டா."