41 சதவீதம், ஆனால் எதில்?

"மத்திய அரசு வசூலிக்கிற ஒவ்வொரு 100 ரூபாயிலும் 41 ரூபாய் மாநிலங்களுக்குப் போய்விடுகிறது, அப்புறம் என்ன அழுகை" என்று சிலர் சொல்வது தவறுங்க. 41 சதவீதம் என்று 15-வது நிதிக்குழு (மத்திய வரியில் மாநிலங்களின் பங்கைப் பரிந்துரைக்கும் குழு) சொன்னது மொத்த வசூலில் அல்ல, பங்கிடக்கூடிய வரித் தொகுப்பில், அதாவது மாநிலங்களோடு பகிர வேண்டிய வரிகளில் மட்டும். அரசியலமைப்பின் 270-வது பிரிவுப்படி செஸ் (குறிப்பிட்ட நோக்கத்துக்கான வரி), சர்சார்ஜ் (வரிக்கு மேல் போடும் கூடுதல் வரி) இரண்டும் அந்தத் தொகுப்பிலேயே சேராது.

பெட்ரோலையே எடுத்துக்கொள்ளுங்கள். 2021 பிப்ரவரி பட்ஜெட்டுக்குப் பிறகு லிட்டருக்கு மத்திய கலால் (உற்பத்தி வரி) 32.90 ரூபாய், அதில் பங்குக்கு வந்த அடிப்படைக் கலால் வெறும் 1.40, மற்றதெல்லாம் சாலை செஸ், விவசாய செஸ், சிறப்புக் கூடுதல் கலால் என்ற பெயர்களில் (பெயருக்கா பஞ்சம்) நேராக மத்தியக் கணக்குக்கே போனது. அந்த 1.40-இல் 41 சதவீதம் என்றால் எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்தே சுமார் 57 காசுதான். மாநிலங்கள் தனியாக வாட் (விற்பனை வரி) போட்டதும் உண்மைதான், சரி, ஆனால் அது வேறு கணக்கு.