பையனைப் பார்த்துச் சிரித்தது போதும்

மெக்கானிக் கடைப் பையன் ஒருவன் டொயோட்டா புரோபாக்ஸ் காரில் சொதப்பும் அந்த வீடியோவை நீங்களும் பார்த்திருப்பீர்கள். எனக்கே நாலைந்து பேர் அனுப்பிவிட்டார்கள், சிரிப்பு பொம்மையோடு. பையன் ஸ்பார்க் பிளக்கைக் கோணலாக ஏற்றி, இன்ஜினின் மேல்பாகமான ஹெட்டில் மரையை அழித்துவிட்டான். வண்டிக்காரர் கத்துகிறார். சரி, அவர் காசு, கத்தட்டும். பக்கத்தில் நின்று நிதானமாகப் படம் பிடித்து "யூடியூப் மெக்கானிக்" என்று தலைப்பு வைத்தாரே ஒரு மகான், அவரைத்தான் பொறுக்க முடியவில்லை. பையன் முகம் பளிச்சென்று தெரிகிறது. முதலில் அந்த வீடியோவை நீக்குங்கள்.

நான் கேட்பது ஒன்றுதான். அவனுக்கு யார் சொல்லிக் கொடுத்தது?

பிளக் இரும்பு, ஹெட் அலுமினியம். கோணலாக முறுக்கினால் அழிவது ஹெட்தான். அதனால் ராட்செட் ஸ்பேனரைத் தொடும் முன் கையால் ஏற்ற வேண்டும். புரோபாக்ஸில் பிளக் மேல் உட்கார்ந்திருக்கும் காயிலைக் கழற்றினால் பிளக் ஆழமான குழிக்குள் கிடக்கும், விரல் போகாது. ஒரு சாண் பெட்ரோல் ஹோஸை பிளக் தலையில் செருகி உள்ளே இறக்கி, முதலில் இடப்பக்கம் மெல்லத் திருப்பினால் மரை 'டக்' என்று உட்காரும். அப்புறம் வலப்பக்கம். கோணலாகப் போனால் ஹோஸ் வழுக்கும், ஹெட் தப்பிக்கும். இதைச் சொல்ல ஐந்து நிமிடம் ஆகுமா? கடைக்காரர் சொல்லவில்லை. போன் ஏதோ கொஞ்சம் சொன்னது. குற்றம் போன் மேலாம்!

என் சயா, அதாவது தொழில் குரு, ரங்கூனில் பெரிய கைகாரர். 2011-ல் பர்மாவில் கார் இறக்குமதியைத் தளர்த்துவதற்கு முன்னால் இங்கே ஓடிய வண்டிகள் தெரியுமே, முப்பது நாற்பது வருடத்துக் கிழங்கள். கிடைக்காத பார்ட்ஸை லேத்தில் கடைந்து போட்டு ஓட்டிவிடுவார். ஆனால் டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி பிளக் தீப்பொறிக்கு டைமிங் வைக்கும் நேரம் பார்த்து என்னை டீக்கடைக்கு அனுப்புவார். நான் திரும்பி வந்தால் பானெட் மூடியிருக்கும். சொல்லிக் கொடுத்தால் எதிரிலேயே கடை போட்டுவிடுவேனாம். அவர் சோறு போட்டார், மறக்கவில்லை. ஆனால் அந்த டீயையும் மறக்கவில்லை.

"நாங்களெல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் கற்றோம், அடி வாங்கித்தான் கற்றோம்" என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். நல்லது அண்ணே. இப்போது உங்கள் கடைக்கே பெட்ரோலும் பேட்டரியும் சேர்ந்து ஓட்டும் டொயோட்டா ஆக்வா வருகிறது. ஆரஞ்சு ஒயருக்குள் 144 வோல்ட் பேட்டரி கரண்ட். அந்தக் கரண்டைத் துண்டிக்கும் சர்வீஸ் பிளக்கை உருவிவிட்டுக் காத்திருக்க வேண்டும், அதற்கென்று உள்ள கையுறை போட வேண்டும் என்று சொல்லாமல், பையனைத் தொட்டுப் பார்த்துக் கற்கச் சொல்வீர்களா? நிசான் ஏடி வேனின் சிவிடி கியர்பாக்ஸில், அதற்கென்று உள்ள ஆயிலை விட்டுவிட்டு, சாதாரண ஆட்டோமேடிக் கியர் ஆயிலான ஏடிஎஃப் ஊற்றியதைப் பார்த்திருக்கிறேன். ஊற்றியவன் பையன் இல்லை, இருபது வருட அனுபவஸ்தர். பானெட்டுக்குள் ஒட்டியிருக்கும் குறிப்பு ஜப்பானிய மொழியில், அவருக்கும் யாரும் சொல்லவில்லை.

"அதற்கு என் வண்டிதான் கிடைத்ததா?" என்பீர்கள். இல்லை. பக்கத்தில் பெரியவன் நிற்க வேண்டும் என்றுதானே தொண்டை கிழியச் சொல்கிறேன். "அந்த வயதுப் பையனை வேலைக்கு வைத்ததே தப்பு" என்கிறீர்களா, அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அந்தக் கவலை அவன் உங்கள் வண்டியைக் கழுவியபோது எங்கே போயிருந்தது?

நம் ஆட்களுக்கு இந்தத் தொழில் என்றாலே இளக்காரம். கல்யாண வீட்டில் என் மாமாவே என்னை "கார் பிசினஸ்" என்றுதான் அறிமுகம் செய்கிறார். மெக்கானிக் என்று சொன்னால் நாக்கில் கிரீஸ் ஒட்டிக்கொள்ளுமோ என்னவோ.

அந்த வீடியோவுக்குச் சிரிப்பு போட்ட ஒருவர் இன்று காலையில் எனக்கு போன் செய்தார். வண்டி ஸ்டார்ட் ஆகவில்லையாம், "யாராவது பையன் இருந்தா அனுப்பு தம்பி" என்றார். அனுப்பினேன். பேட்டரி டெர்மினல் லூஸ். தேய்த்துச் சுத்தம் பண்ணி இறுக்கிவிட்டு வந்தான். காசு கேட்டதற்கு "ரெண்டு நிமிஷ வேலைதானே" என்றாராம்.