ஃபிரெடி கடைக்குப் படியளந்தது யார்?

‘ஃபைவ் நைட்ஸ் அட் ஃபிரெடிஸ்’ ஒரு திகில் வீடியோ விளையாட்டு. ஃபிரெடி என்ற கரடி முதலான ரோபோப் பொம்மைகள் இரவில் கொல்ல வரும் பீட்சா கடையில், காவலாளியாக உட்கார்ந்து உயிர் தப்ப வேண்டும். அதன் ரசிகர்கள் எழுதிக் குவித்திருக்கும் ஊகங்களில் எனக்கு அறவே ஒவ்வாதது ஒன்று உண்டு. அந்தப் பீட்சா கடையின் ரோபோக்களுக்கு அமெரிக்க ராணுவம் ரகசியமாகப் பணம் கொடுத்தது என்பதுதான் அது. அண்ணன் மகனும் அந்தக் கட்சி. “பீட்சா விற்ற காசில் நடக்கிற, பேசுகிற கரடியைச் செய்துவிட முடியுமா சித்தப்பா?” என்கிறான்.

கேள்வி நியாயமானது. விடையைத்தான் வானத்தில் தேடுகிறார்கள். கானாடுகாத்தானுக்குச் செட்டிநாட்டு வீடுகளைச் சுற்றிப் பார்க்க வருகிறவர்களும் பர்மா தேக்குத் தூணையும் இத்தாலியப் பளிங்கையும் கண்டவுடன் “புதையல் ஏதும் கிடைத்ததா?” என்பார்கள். பர்மாவிலும் மலேயாவிலும் கொடுத்த கடன், அதற்கு வந்த வட்டி, அதை வரி விடாமல் எழுதிய பெட்டியடிப் பையன் (கடையின் இளம் கணக்குப்பிள்ளை) என்று சொன்னால் முகம் வாடிவிடும். ரகசியம் இல்லையே!

ஃபிரெடி கடைக்கும் ஓர் ஐந்தொகை போட்டுப் பார்ப்போம். 2014-இல் ஸ்காட் காத்தன் வெளியிட்ட முதல் விளையாட்டில், நள்ளிரவு 12 முதல் காலை 6 வரை ஐந்து இரவுகள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த காவலாளிக்கு 120 டாலர் காசோலை. ஆறாம் இரவையும் தாண்டினால் அது 120.50 ஆகும். தாராள மனசு! இரண்டாம் விளையாட்டில் 1987-ஆம் ஆண்டுக் காசோலை 100.50 டாலர். 30 மணி நேரத்தால் வகுத்தால் 3.35. அன்றைய அமெரிக்கக் குறைந்தபட்சக் கூலி அதேதான், ஒரு சென்ட்கூடக் கூடுதல் கிடையாது. முதல் விளையாட்டில் மின்சாரமும் அளந்துதான் வருகிறது. கதவை மூடினாலும் விளக்கைப் போட்டாலும் கரைந்துகொண்டே போகும், தீர்ந்தால் இருட்டில் கரடி வந்து நிற்கும். ராணுவப் பணம் புழங்குகிற இடத்தில் காவலாளியின் கதவுக்கு ரேஷனா?

2017-இல் வந்த ‘பீட்சேரியா சிமுலேட்டர்’ நம்மையே முதலாளி நாற்காலியில் உட்கார வைக்கிறது. விளம்பரக்காரரிடம் பணம் வாங்கலாம். தள்ளுபடியில் பழைய சாமான் வாங்கலாம், அதற்குள் கொலைகாரப் பொம்மை ஒளிந்து வரலாம். வழக்கு வந்தால் சமரசம் பேசலாம். இதைவிட வெளிப்படையாக எந்தக் கடை பேரேட்டைத் திறந்து காட்டும்?

நிஜத்திலும் ராணுவம் தேவைப்படவில்லை. அட்டாரி என்ற வீடியோ விளையாட்டு நிறுவனத்தை நிறுவிய நோலன் புஷ்னெல் 1977-இல் கலிபோர்னியாவின் சான் ஹோசே நகரில் பாடும் பொம்மைகளோடு பீட்சா கடை திறந்தார். பீட்சா வேகும் வரை குழந்தைகள் விளையாட்டு இயந்திரங்களில் டோக்கன் போட்டுக்கொண்டிருப்பார்கள், வியாபாரமே அங்கேதான். 1984-இல் அந்த நிறுவனம் திவாலானது வேறு கதை.

ராணுவக் கட்சியின் பிரம்மாஸ்திரம் 2016-இல் இதே வரிசையில் வந்த ‘சிஸ்டர் லொகேஷன்’ விளையாட்டு. ஐஸ்கிரீமைக் காட்டி, வயிற்றிலிருந்து நீளும் கொக்கியால் குழந்தையை உள்ளே இழுத்துக்கொள்ளும் சர்க்கஸ் பேபி என்ற ரோபோ அதில்தான் வருகிறது. எந்தத் தளபதி ஐயா ஐஸ்கிரீம் பொம்மைக்கு நிதி ஒதுக்குவார்? அது கதையின் வில்லன் வில்லியம் ஆஃப்டன் தன் வக்கிரத்துக்குச் செய்துகொண்ட கருவி. குழந்தைகளைக் கொல்கிறவன் அதற்கு அரசாங்க மானியம் கேட்டு மனுப் போட மாட்டான்.

எனக்கு விடை கிடைக்காத இடம் ஒன்றுதான். 1987 பொம்மைகள் முகத்தை வைத்தே ஆளை அடையாளம் காணும், குற்றவாளிகள் பட்டியலோடும் இணைக்கப்பட்டவை என்று இரண்டாம் விளையாட்டில் காவலாளிக்கு வழி சொல்லும் தொலைபேசிக் குரல் சொல்கிறது. நம் உலகில், முகப் படங்களைச் சில எண்களாகச் சுருக்கும் கணக்கை சிரோவிச், கிர்பி இருவரும் வெளியிட்டதே அதே 1987-இல்தான். அந்தக் கணக்கைக் கொண்டு கணினியே ஆளைச் சொல்லும் முறையை அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளியிட 1991 ஆயிற்று. கஞ்சத்தனத்தால் காசு சேரும், குற்றவாளிகள் பட்டியல் சேராது. யாரோ எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். கட்சிக்காரர்கள் இதைப் பிடித்துக்கொள்ளாமல் கொக்கியைப் பிடித்துத் தொங்குகிறார்கள்.

அண்ணன் மகனிடம் இதைச் சொன்னேன். “அப்படியானால் ராணுவம் இல்லை சித்தப்பா, போலீஸ்” என்கிறான். அதற்கு என்னிடம் இதுவரை மறுப்பு இல்லை.