ஹெல்வானில் பறந்த இந்திய விமானி

எகிப்து விமானப்படை பற்றி நீங்கள் எழுதியது நல்ல கட்டுரை. ஆனால் 1967இல் இஸ்ரேலிடம் அடைந்த தோல்வியிலிருந்து நேரே 1973 போருக்குத் தாவிவிட்டீர்கள். ஹெல்வான் நகரில் உருவான ஹெச்ஏ-300 விமானம் பற்றி ஒரு வரிகூட இல்லையே! அதிபர் நாசர் காலத்தில் எகிப்து சொந்தமாகவே ஒலியை மிஞ்சும் போர் விமானம் செய்ய முனைந்தது. வடிவமைத்தவர் ஜெர்மன் விமான வடிவமைப்பாளர் வில்லி மெஸ்ஸர்ஷ்மிட். எஞ்சின் வேலை ஆஸ்திரியரான பிராண்ட்னரிடம். 1964 மார்ச் 7 அன்று அதை முதன்முதலில் வானில் ஏற்றியவர் நம் இந்திய விமானப்படையின் சோதனை விமானி கபில் பார்கவா. இது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

இந்தியாவிலேயே செய்த நம்முடைய மாருத் போர் விமானத்துக்கும் அப்போது சக்திவாய்ந்த எஞ்சின் கிடைக்காத குறை. அதனால் ஒரு மாருத்தை எகிப்துக்கே அனுப்பி, ஹெச்ஏ-300க்காக பிராண்ட்னர் உருவாக்கிய இ-300 எஞ்சினைப் பொருத்திப் பறக்கவிட்டுச் சோதித்தார்கள். கைகூடியிருந்தால் இரண்டு நாடுகளுக்குமே லாபம். 1969இல் எகிப்து திட்டத்தைக் கைவிட்டது. மாருத் கடைசிவரை பழைய ஆர்ஃபியஸ் எஞ்சினோடுதான் ஓடியது. எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் இது.

அப்புறம், 1967 ஜூன் 5 காலையில் எகிப்து விமானங்கள் திறந்த வெளியில் வரிசையாக நின்றபடியே அழிந்தன என்று எழுதியிருக்கிறீர்கள், சரி. அதற்குப் பிறகு விமானங்களைப் பாதுகாக்கத் தளம் தளமாகக் கட்டிய கான்கிரீட் கூடங்களையும் சொல்லியிருக்க வேண்டும். 1973 போரில், அப்போதைய விமானப்படைத் தளபதி முபாரக் தலைமையில் அந்தப் படை தலைநிமிர அவையும் முக்கியக் காரணம். அடுத்த பகுதியில் சேர்த்து எழுதுங்கள்.