வேர்டு கேட்டது அவ்வளவு பெரிய பாவமா?

விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் பயன்படுத்துகிறவர்களின் நம் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் சனிக்கிழமை ராத்திரி நடந்ததைப் பாதிப் பேர் பார்த்துவிட்டீர்கள். மீதிப் பேருக்கு ஸ்கிரீன்ஷாட் போயிருக்கும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. "மைக்ரோசாப்ட் ஆபீஸ் லினக்ஸுக்கும் வந்தால் நன்றாயிருக்கும்" என்று ஒரே ஒரு வரி போட்டேன். உடனே ஒரு தம்பி, "அப்ப நீங்க விண்டோஸுக்கே திரும்பிப் போயிடுங்க அண்ணே" என்றார். அதற்குப் பதினொரு கட்டைவிரல். அதில் ஒன்று, போன வருடம் நானே பட்டர்வொர்த்தில் வீடு தேடிப் போய் மின்ட் (லினக்ஸில் ஒரு வகை) போட்டுக் கொடுத்தவருடையது. அன்று அவர் வீட்டில் குடித்த தே ஓ (பால் விடாத தேநீர்) இன்னும் ஞாபகம் இருக்கிறது.

கேட்டது ஆபீஸில் இருக்கும் வேர்டு. யாருடைய கிட்னியையும் கேட்கவில்லை.

நான் லினக்ஸுக்கு வந்தது கொள்கைக்காக இல்லை. என் மடிக்கணினி 2015-இல் வாங்கியது. விண்டோஸ் 11 அதைக் கிட்டவே சேர்க்கவில்லை. விண்டோஸ் 10-க்கான ஆதரவும் 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. நல்லா ஓடுகிற மெஷினைத் தூக்கிப் போட மனசு வரவில்லை, அவ்வளவுதான். இப்போது மின்ட்டில் ஜம்மென்று ஓடுகிறது. ஒரே ஒரு குறை, அதைத்தான் சொன்னேன்.

அந்தக் குறை என்னவென்று தெரிய வேண்டுமானால் பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் செயலாளராக இருந்து பார்க்க வேண்டும். கூட்டக் குறிப்பை லினக்ஸில் ஓடும் இலவச லிப்ரே ஆபீஸில் தட்டச்சு செய்தேன். அழகாக இரண்டு பக்கம். பள்ளி அலுவலகத்தில் வேர்டில் திறந்தால் மூன்று பக்கம். மூன்றாம் பக்கத்தில் தலைவர் கையெழுத்துப் போடும் கோடு மட்டும் தன்னந்தனியாக நிற்கிறது. "தலைவரைத் தனியா விட்டுட்டீங்களே சார்" என்று டீச்சர் சிரித்தார். நானும் சிரித்தேன். வேறென்ன செய்ய?

காரணம் சின்னதுதான். அவர்கள் அனுப்பும் கோப்பெல்லாம் லதா எழுத்துருவில் வரும். அது விண்டோஸோடு வருவது, என்னிடம் இல்லை. இங்கே நோட்டோ, லோகித் என்று வேறு ஏதாவது எழுத்துரு அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும். எழுத்தின் அகலம் மாறும், வரி மடங்கும், பக்கம் வழியும். ஆங்கிலத்துக்குப் பரவாயில்லை, வேர்டின் காலிப்ரி எழுத்துருவுக்குப் பதில் அதே அகலத்தில் கார்லிட்டோ இருக்கிறது. லதாவுக்கு அப்படி ஒரு தங்கச்சி எனக்குக் கிடைக்கவில்லை.

"பி.டி.எஃப். அனுப்ப வேண்டியதுதானே?" என்றார்கள் குழுவில். அனுப்பினேன். திருத்த முடியவில்லை என்று திரும்பி வந்தது.

"லிப்ரே ஆபீஸின் ஓ.டி.எஃப். கோப்பு வடிவம் அனைத்துலகத் தரம், அதில் அனுப்பச் சொல்லுங்கள்." தெரியும், 2006-லேயே ஐ.எஸ்.ஓ. தரம் ஆகிவிட்டது. நீங்கள் வந்து டீச்சரிடம் சொல்லுங்கள், நான் வாசலில் நிற்கிறேன்.

"உலாவியில் ஆபீஸ் இருக்கிறதே?" இருக்கிறது. கணக்குக் கோப்பில் பொருளாளர் எழுதி வைத்த மேக்ரோ (தானாக வேலை செய்யும் கட்டளைத் தொகுப்பு) அதில் ஓடாது. "விண்டோஸ் மென்பொருளை லினக்ஸில் ஓட்டும் வைன் போடுங்கள்." போட்டேன். அந்த இரண்டு ராத்திரியைப் பற்றி இங்கே எழுத விரும்பவில்லை.

லிப்ரே ஆபீஸைக் குறை சொல்கிறேன் என்று யாரும் கிளம்ப வேண்டாம். 2010-இல் அது ஓப்பன் ஆபீஸிலிருந்து பிரிந்து வந்த நாளிலிருந்து பயன்படுத்துகிறேன். ஆனாலும் வேர்டு வேண்டும் என்று கேட்பேன். இரண்டையும் ஒரே வாயால் சொல்லலாம்.

"மைக்ரோசாப்ட் தன் வீட்டுக்குத்தானே செய்யும்?" என்றார் இன்னொரு மேதை. எக்செல் பிறந்ததே மெக்கின்டாஷில்தான் ஐயா, 1985-இல். விண்டோஸுக்கு வந்தது இரண்டு வருடம் கழித்து. அவர்களுடைய தரவுத்தள மென்பொருளான எஸ்.கியூ.எல். சர்வர் 2017-இல் லினக்ஸுக்கு வந்துவிட்டது. அவர்களுடைய எட்ஜ் உலாவிகூட வந்துவிட்டது, அதை யார் கேட்டார்களோ! வேர்டுக்கு மட்டும் பாதை தெரியவில்லையாம். இணையவழிக் கூட்டம் நடத்தும் அவர்களுடைய டீம்ஸ் செயலி லினக்ஸுக்கு 2019-இல் வந்து 2022-இல் திரும்பிப் போனதை நினைவுபடுத்துவீர்கள். ஆள் குறைவு, லாபமில்லை என்பீர்கள். இருக்கலாம். ஆள் குறைவு என்பதால்தானே சத்தம் போட்டுக் கேட்கிறோம்?

அதே 1985-இல்தான் நம் மலேசியாவில் முத்து நெடுமாறன் கணினியில் தமிழ் எழுத உதவும் முரசு மென்பொருளை உருவாக்கினார். அன்று கணினியில் தமிழ் வேண்டும் என்றவர்களிடம் "தட்டச்சுப் பொறிக்கே திரும்பிப் போ" என்று சொல்லியிருந்தால் எப்படி இருந்திருக்கும்? அதுவும் இதுவும் ஒன்றா என்று கேட்பீர்கள். ஒன்றில்லைதான். ஆனால் கேட்டவனைத் துரத்துகிற குரல் எனக்கு ஒரே மாதிரிதான் கேட்கிறது. விண்டோஸ்காரர்கள் சிரித்தால் வலிக்காது. மின்ட் போட்டுக் கொடுத்த கைக்குக் கட்டைவிரல் காட்டினால் வலிக்கும்.

தம்பி மேல் கோபமில்லை. சின்னப் பையன், சங்கக் கணக்கு எழுதியதில்லை. அந்தக் கட்டைவிரல்காரர் மேல்தான் கொஞ்சம். இதைப் படிப்பார் என்று தெரியும்.

நேற்று வேலை முடிந்து அஞ்சடியில் (கடை வரிசை நடைபாதையில்) இருக்கிற போட்டோஸ்டேட் கடைக்குப் போய், அங்கிருந்த கணினியில் வேர்டைத் திறந்து, தலைவரின் கோட்டை இரண்டாம் பக்கத்துக்கு இழுத்துப் போட்டேன். இருபது நிமிஷம், மூன்று வெள்ளி (ரிங்கிட்). பென்டிரைவை எடுக்க மறந்துவிட்டேன். நாளை திரும்பவும் போக வேண்டும்.