ஆவணமும் நிரலைச் சேர்ந்ததே

எவரும் மூல நிரலைப் பார்த்துத் திருத்தக்கூடிய திறமூல மென்பொருளில் முதலில் நிரல், அதை விளக்கும் ஆவணங்களைப் பிறகு எழுதிக்கொள்ளலாம் என்று நான் படித்த ஒரு கட்டுரையின் ஆசிரியர் கூறுவதை என்னால் ஏற்க முடியவில்லை. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தின் கையேடு, மூல நிரல் இருக்கும் அதே களஞ்சியத்தில்தான் வைக்கப்பட்டிருக்கிறது. புதிய வசதி ஒன்றை அனுப்புபவர் அதற்கான விளக்கத்தையும் சேர்த்தே அனுப்ப வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். ஒவ்வொரு பதிப்புக்கும் தனிக் கையேடு இருப்பதால், பழைய பதிப்பை வைத்திருப்பவரும் தமக்குரிய பக்கத்தையே படிக்க முடிகிறது.

சில ஆண்டுகளுக்கு முன், போஸ்ட்கிரெஸில் பயன்பாட்டில் இருந்த பெரிய அட்டவணை ஒன்றில், பதிவுகள் தடைபடாதிருக்கக் கட்டளையில் ‘கன்கரன்ட்லி’ என்ற சொல்லைச் சேர்த்து ஒரு யுனீக் இன்டெக்ஸ் (தேடலை விரைவாக்கி, ஒரே மதிப்பு இருமுறை வராமல் தடுக்கும் அமைப்பு) உருவாக்கினேன். ஒரே மதிப்பு இரண்டு வரிசைகளில் இருந்ததால் நள்ளிரவில் அது பாதியில் நின்றுவிட்டது. பதற்றத்துடன் கையேட்டில் அந்தக் கட்டளைக்குரிய பக்கத்தைத் திறந்தேன். இப்படித் தோல்வியுற்றால் செல்லாத இன்டெக்ஸ் ஒன்று எஞ்சியிருக்கும் என்பதும், தேடலுக்கு உதவாத அது ஒவ்வொரு புதுப்பித்தலிலும் சுமையைக் கூட்டும் என்பதும், அதை நீக்கிவிட்டு மீண்டும் முயல்வதே பரிந்துரைக்கப்படும் வழி என்பதும் அங்கே தெளிவாக எழுதப்பட்டிருந்தன. எழுதியவர் யாரென்று எனக்குத் தெரியாது. தோல்வியையும் முன்கூட்டியே எண்ணிப் பார்த்து எழுதிய அந்த அக்கறையை நான் இன்றும் நன்றியோடு நினைக்கிறேன்.

ஓபன்பிஎஸ்டி என்ற திறமூல இயங்குதளத்தின் குழுவினர் கையேட்டுப் பக்கத்தில் உள்ள பிழையையும் நிரலில் உள்ள வழுவைப் போலவே கருதித் திருத்துகிறார்கள். அப்படியிருக்க, ஆவணத் திருத்தம் அனுப்பும் புதியவரைப் பங்களிப்பாளர் பட்டியலில் சேர்க்கத் தயங்கும் திட்டங்களைக் கட்டுரையாளர் ஏன் கேள்வி கேட்கவில்லை?